‘ஆளு நிக்க மாட்டீங்குது’: பண்ணையத்திலிருந்து பனியன் கம்பெனிக்கு

திருப்பூரில் ஏதாவது ஒரு மின்கம்பத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய நோட்டீஸ்கள். ஓவர்லாக் டெய்லர் தேவை, பேட்லாக் டெய்லர் தேவை, சிங்கர் டெய்லர் தேவை, கைமடி தேவை, செக்கிங் பெண்கள் தேவை, தங்குமிடம் உண்டு, உடனே வரவும். மழையில் மேல்தாள் கிழிந்தால் அடியில் இன்னொரு ‘தேவை’ இருக்கும். முதலாளிகள் கூடுகிற கூட்டங்களிலும் பத்திரிகைப் பேட்டிகளிலும் இதே பேச்சுத்தான். ஆர்டர் இருக்கிறது, மிசின் இருக்கிறது, தொழில் தெரிந்த ஆள்தான் இல்லை. வந்தாலும் தங்குவதில்லை. டீக்கடையில் இதையே, “ஆளு நிக்க மாட்டீங்குதுங்” என்பார்கள்.

‘நிற்பது’ என்கிற இந்தச் சொல் என்னை ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. எங்கள் ஆயா தாத்தனைப் பற்றிப் பேசினால், “உங்க தாத்தன் அந்தத் தோட்டத்துலதான் முப்பது வருசம் பண்ணையத்துக்கு நின்னாரு” என்பார். நிற்பது என்றால் வேலை பார்ப்பது என்று மட்டும் பொருளில்லை. போக முடியாமல் இருப்பது என்றும் பொருள். துணித் தொழிலில் ஆளைப் பிடிப்பதும் பிடித்த ஆளை வைத்துக்கொள்வதும் எப்படி என்று இன்றைக்கு நிர்வாகவியல் மொழியில் பேசுகிறார்கள். இந்தக் கேள்விக்குக் கொங்கு மண்ணில் ஒரு பழைய வரலாறு இருக்கிறது. அதை எங்கள் வளவிலிருந்துதான் எழுத முடியும்.

பண்ணையாள் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும். அருந்ததியர் குடும்பத்து ஆண், வருசக் கணக்குப் பேசி ஒரு தோட்டத்தில் சேருவான். கூலி பெரும்பாலும் தானியமாக வரும். கல்யாணம், சாவு, காய்ச்சல் என்று பண்ணாடியிடம் முன்பணம் வாங்குவான். அந்தப் பணம் வருசக் கடைசியில் அடையாது. அடையாதவரை வேறு பண்ணையத்துக்குப் போக முடியாது. போனாலும் இன்னொரு பண்ணாடி சேர்த்துக்கொள்ள மாட்டார். கிணற்றில் கவலை இறைக்கத் தோல் பறி தைத்துக் கொடுத்ததும் எங்கள் ஆட்கள்தான். 1930களில் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்து, பின்னால் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஓடத் தொடங்கியபோது தோல் வேலை போயிற்று. அதைத் ‘திறமை’ என்று யாரும் கணக்கில் வைத்திருக்கவில்லை. தண்ணீர் சொட்டாமல் தோலைத் தைக்கிறவன் கையில் இருப்பது தொழில்நுட்பம் இல்லையா? சாதித் தொழில் என்று பெயர் வைத்துவிட்டால் அது திறமையாகாது, தீட்டாகிவிடும். கொத்தடிமை முறையை ஒழிக்க 1975இல் அவசரச் சட்டமும் 1976இல் சட்டமும் வந்தன. எங்கள் தாத்தனுக்கு அது தெரியாது. அவர் தோட்டத்தை விட்டு வந்தது பண்ணாடி பூமியை விற்றதால்தான்.

திருப்பூரின் முதல் பனியன் கம்பெனி 1925இல் தொடங்கியது என்பார்கள். நெடுங்காலம் அது உள்நாட்டுக்கு வெள்ளை பனியன் செய்கிற ஊர். 1970களின் கடைசியில் வெளிநாட்டு வியாபாரிகள் வரத் தொடங்கி, 80களில் நேரடி ஏற்றுமதி பெருகியது. இந்த வளர்ச்சியை ஆராய்ந்து சரத் சாரி 2004இல் ஒரு புத்தகம் எழுதினார். ஊர்ப்புறத்து எளிய விவசாயக் குடும்பங்களிலிருந்து கம்பெனிக்குத் தொழிலாளியாக வந்த கவுண்டர் ஆண்களில் கணிசமானோர் முதலாளிகளானது எப்படி என்பதே அதன் மையக் கேள்வி. அவர்களிடம் கேட்டபோது கிடைத்த பதில் ஒரே சொல்: உழைப்பு. தோட்டத்தில் ஆளோடு ஆளாக நின்று பாடுபட்ட பழக்கம், கம்பெனியிலும் ஆளோடு ஆளாக நின்று வேலை வாங்க உதவியது என்பது அவர்கள் சொல்கிற சுயசரிதம்.

அவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வெயிலில் நின்ற குடியானவன் வெயிலில் நின்றவன்தான். ஆனால் அந்த ‘ஆளோடு ஆளாக’ என்கிற தொடரில் இரண்டாவது ஆள் யார்? அதே வரப்பில், அதே வெயிலில், அதே மண்வெட்டியோடு நின்ற பண்ணையாளின் உழைப்பு எந்தக் கம்பெனியானது? ஒருவனுடைய உழைப்பு மூலதனமாகிறது, பக்கத்தில் நின்றவனுடைய உழைப்பு பாக்கியாகிறது. பூமி இருந்தது, ஒரே சாதிக்குள் கடனும் பங்காளித்தனமும் கிடைத்தது, தொழில் கற்றுக்கொடுக்க மாமன் மச்சான் கம்பெனிக்குள் இருந்தான். ‘உழைப்பால் உயர்ந்தோம்’ என்கிற சொல்லாடல் இவற்றையெல்லாம் ஒரே சொல்லுக்குள் மறைத்துவிடுகிறது.

அந்தக் காலத்துக் கம்பெனிகளில் தலித்துகள் மிகச் சொற்பம். இங்கே இடதுசாரித் தோழர்கள் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் நடந்த வேலைநிறுத்தம் திருப்பூர் வரலாற்றில் பெரிய நிகழ்வு. அதன் தியாகத்தை நான் மறுதலிக்கவில்லை. அதற்குப் பிறகு முதலாளிகள் என்ன செய்தார்கள் என்பதுதான் எங்கள் கதை. ஒரே கூரையின்கீழ் நிறைய ஆட்களை வைத்தால் சங்கம் வரும் என்று கண்டுகொண்டார்கள். கட்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், அயர்னிங் ஓரிடம் என்று பிரித்தார்கள். பவர் டேபிள் காண்ட்ராக்டர்கள் முளைத்தார்கள். பீஸ் ரேட் பெருகியது. பெண்களும், கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுக் கிராமங்களின் தலித்துகளும் உள்ளே வந்தார்கள். எங்களுக்குத் திறந்த கதவு தோழர்களின் பலத்தை உடைப்பதற்காகத் திறக்கப்பட்டது. அதற்காக வெளியிலேயே நின்றிருக்க வேண்டுமா? எங்கள் அப்பன்களிடம் கேட்டுப் பாருங்கள்.

என் அப்பா பல்லடம் பக்கம் விசைத்தறியில் இருந்தார். குமாரபாளையம், பவானி வட்டாரத்தில் ‘பாக்கி’ என்பார்கள், எங்கள் பக்கம் ‘அட்வான்ஸ்’. எல்லாம் ஒன்றுதான். அத்தை கல்யாணத்துக்கு வாங்கியது பன்னிரண்டாயிரம். பிறகு எனக்கு மஞ்சள் காமாலை, கூரை ஓடு, ஆயாவின் சாவு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, ஒவ்வொன்றும் 12 மணி நேரம். காது மந்தமானதுதான் மிச்சம். தறிக்காரர் கெட்டவர் இல்லை என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார், வளவுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வரவில்லையென்றால் வண்டியில் வந்தும் கூப்பிடுவார். அந்த வண்டிச் சத்தம் கேட்டாலே அப்பா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நெவும் திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு கிராமங்களை ஒப்பிட்டு 2014இல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது எங்கள் வீட்டையே யாரோ பார்த்து எழுதியது போல இருந்தது. டி-சர்ட்டையும் டம்ளரையும் தலைப்பில் சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு கிராமத்தில் தலித்துகள் தினமும் திருப்பூருக்குப் போய் வருகிறார்கள். உள்ளூர்ச் சாதி இந்துக்களை அண்டியிருக்கும் நிலை அங்கே தளர்ந்திருக்கிறது. இன்னொரு கிராமத்தில் தலித்துகள் தறி அட்வான்சில் கட்டுண்டு கிடக்கிறார்கள்; அவர்களால் திருப்பூருக்குப் போகவே முடியவில்லை, தீண்டாமையும் அங்கே கெட்டியாக இருக்கிறது. நவீன தொழில் வந்தால் சாதி தானாகக் கரையும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தறியும் நவீன எந்திரம்தான். ஆளுக்குப் போகிற வழி இருக்கிறதா இல்லையா என்பதுதான் அங்கே வேறுபாடு.

எங்கள் வீட்டில் அந்த வழியில் முதலில் போனது அக்கா. 2003, பத்தாவது முடித்த வருசம். கம்பெனி வேன் காலை ஏழேகாலுக்கு மெயின் ரோட்டில் நிற்கும். வளவுக்குள் வராது. ஊருக்குள் போய் ஆளை ஏற்றிக்கொண்டு வருகிற வேன், எங்கள் பிள்ளைகளை மட்டும் ரோட்டுக்கு நடந்து வரச் சொல்லும். கேட்டால் “ரோடு சின்னதுங்” என்பார் டிரைவர். தண்ணி லாரி வருகிற ரோடு அது.

அக்கா சேர்ந்தது கைமடியாக. டெய்லர் தைப்பதற்குத் துணியை மடித்துக் கொடுப்பது, தைத்ததை வாங்கி அடுக்குவது, பிசிறு வெட்டுவது. காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். இந்த ஊரில் அதுதான் சாதாரண நாள், எட்டு மணி நேரம் மட்டும் பார்க்கிறேன் என்றால் விநோதமாகப் பார்ப்பார்கள். மிசினில் உட்காருவது தனிக் கதை. யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. டெய்லர் சாப்பிடப் போகும்போது வேஸ்ட் துணியை வைத்து ஓட்டிப் பழக வேண்டும். டெய்லரின் தங்கச்சி, சித்தப்பா பையன் என்றால் மூன்று மாதத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். சொல்ல ஆளில்லாத பிள்ளைகள் வருசக் கணக்கில் மடித்துக்கொண்டே இருப்பார்கள். அக்கா ஓவர்லாக்கில் உட்கார நான்கு வருசம் ஆயிற்று. அதுவும் அந்தக் கம்பெனியில் இல்லை. ‘ஓவர்லாக் தெரியும்’ என்று பொய் சொல்லி வேறு கம்பெனியில் சேர்ந்தாள். முதல் நாள் ஊசி உடைந்தது, இரண்டாம் நாள் திட்டு வாங்கினாள், ஒரு வாரத்தில் கை வந்துவிட்டது. அந்த நான்கு வருசமும் திறமை அவள் கையில்தான் இருந்தது. அதற்கு நாற்காலி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். தொழில் தெரிந்த ஆளுக்குப் பஞ்சம் என்கிறார்களே, அதில் எவ்வளவு இப்படி உண்டாக்கப்பட்ட பஞ்சம் என்று கணக்கெடுத்தால் தெரியும்.

அதன்பிறகு அக்கா நிற்கவில்லை. பீசுக்குப் பத்துப் பைசா கூட என்றால் மாறுவாள். சூப்பர்வைசர் வாய் சரியில்லை என்றால் சனிக்கிழமை சம்பளத்தோடு மாறுவாள். கக்கூசுக்குப் போனதைக் கேள்வி கேட்டார்கள் என்று ஒரு கம்பெனி, மேஜைத் தண்ணீர் சொம்பைத் தொட்டதற்கு ஒருத்தி முகம் சுளித்தாள் என்று ஒரு கம்பெனி. இருபது வருசத்தில் பதினொன்று. ஒரு தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் நல்ல டெய்லர்களைக் கூப்பிட்டு ஆளுக்குப் பத்தாயிரம் அட்வான்ஸ் தருகிறோம், மாதாமாதம் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டில் அப்போது பணமுடை. நானே “வாங்கிக்கக்கா” என்றேன். “வாங்குனா நிக்கோணும்” என்றாள். அதற்குமேல் பேசவில்லை. திண்ணையில் இருந்த அப்பா காதில் விழுந்ததா என்று தெரியாது. அவருக்குத்தான் காது மந்தமாயிற்றே.

அவர்கள் புள்ளிவிவரத்தில் இதற்குப் பெயர் ‘ஆள் மாற்ற விகிதம்’. நோய் போலப் பேசுகிறார்கள். மூன்று தலைமுறையாகப் போக விடாத குடும்பத்தில் ஒருத்தி, ‘எனக்குப் பிடிக்கலை, போறேன்’ என்று டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு படியிறங்குவது எங்களுக்கு நோயாகத் தெரியவில்லை.

இதை மூலதனம் நன்றாகப் புரிந்துகொண்டது. அதனால்தான் போக முடியாத ஆளைத் தேடியது. நூற்பாலைகளில் நிரந்தரத் தொழிலாளர்களைக் குறைத்துவிட்டு, 1990களின் பிற்பகுதியிலிருந்து பரவிய ‘சுமங்கலித் திட்டம்’ அந்தத் தேடலின் கண்டுபிடிப்பு. தென்மாவட்டங்களின் ஏழை வீடுகளுக்கு, அதிலும் தலித் வீடுகளுக்கு, புரோக்கர் போவார். பெண் மூன்று வருசம் மில் ஹாஸ்டலில் இருந்து வேலை பார்த்தால் கடைசியில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகத் தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்பார். மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று வேறு பெயர்களும் உண்டு. பெயரைப் பாருங்கள்! 1961இலேயே வரதட்சணையைச் சட்டம் தடை செய்துவிட்டது. மில்காரர் அதே வரதட்சணையைப் பிரேமில் மாட்டிய விளம்பரமாக்கி, அதற்கு ஈடாகப் பெண்ணின் மூன்று வருசத்தைக் கேட்டார். பண்ணையத்தில் பணம் முதலில் வந்தது, வேலை பின்னால். இங்கே வேலை முதலில், பணம் பின்னால். கயிறு ஒன்றுதான், கட்டுகிற முனைதான் வேறு.

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு காலனியில் நான் சந்தித்த பெண்ணுக்கு அப்போது 22 வயது. முப்பத்து மூன்றாவது மாதத்தில் வயிற்று வலி வந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மூன்று வருசம் முடியவில்லை என்று மொத்தப் பணம் இல்லை. “இன்னும் மூணு மாசம் பல்லக் கடிச்சிருந்தா வந்திருக்கும்ணே” என்று அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார். எந்த மில் என்று அவர் சொல்ல வேண்டாமென்றதால் நானும் எழுதவில்லை. ‘பருத்தியின் பிடியில்’ என்று பொருள்படும் தலைப்பில் 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் அறிக்கை வெளியிட்ட பிறகு ஐரோப்பியக் கடைகள் கேள்வி கேட்டன. பல மில்கள் திட்டத்தின் பெயரை விட்டன. ஹாஸ்டல் கேட்டை விடவில்லை.

கூலியைக் கூட்டினால் ஆள் நிற்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். தையல் தொழிலுக்கு 2004இல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியை அரசு 2014இல்தான் திருத்தியது. அதையும் எதிர்த்து முதலாளிகள் வழக்குக்குப் போனார்கள். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உயர்வு செல்லும் என்றது. ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு வாயால் அழுதுகொண்டே, ஆளுக்குக் கூட்டிக் கொடுக்க மாட்டேன் என்று இன்னொரு வாயால் வக்கீல் வைத்து வாதாடியதை என்னவென்று சொல்ல. பயிற்சிக்கு மட்டும் அரசுப் பணம் தாராளம். 2010இல் ஒரு திறன் மேம்பாட்டுத் திட்டம், 2017இல் ‘சமர்த்’ என்று இன்னொன்று. பயிற்சி பெற்றவர் நாலு வருசம் கழித்து நாற்காலியில் இருக்கிறாரா, மடித்துக்கொண்டிருக்கிறாரா என்று கேட்க அதில் இடமில்லை.

பிறகு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 2020 ஊரடங்கில் அவர்கள் ரயில் கேட்டுத் தெருவில் நின்றதைப் பார்த்தோம். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது அதிகாரிகளும் முதலாளிகளும் ஓடி ஓடித் தைரியம் சொன்னார்கள். சொல்ல வேண்டியதுதான். அந்த ஒடிசா ஆட்களோடு டீ குடித்துப் பேசினால் அவர்களில் பலரும் தங்கள் ஊரின் ‘வளவு’களிலிருந்து வந்தவர்கள் என்று தெரிகிறது. ஆனால் 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டு, அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானபோது இந்த ஓட்டத்தை நான் பார்க்கவில்லை. ஓடியது தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்கிற, தலித் பெண்கள் தலைமையேற்ற சங்கம்தான். அவர்கள் விடாமல் போராடியதில் 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ கையெழுத்தானது. பாலியல் கொடுமையோடு சாதிக் கொடுமையையும் சேர்த்து, ஆலைக்குள் இது கூடாது என்று எழுத்தில் வைத்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது, பெண் தொழிலாளர்களே தளத்தில் கண்காணிப்பார்கள் என்று வைத்தார்கள். வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகளையும் பொறுப்பாக்கினார்கள். ஆளை நிறுத்துவது பற்றி இத்தனை வருசம் பேசியவர்கள் யாரும் எழுதாத காகிதம் அது. எழுதியவர்கள், ஓடிப்போகாமல் அங்கேயே நிற்பது என்று தாங்களாக முடிவெடுத்த பெண்கள்.

இந்த இடத்தில் என் வாதத்திலேயே ஒரு ஓட்டை இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போவது விடுதலை என்று நான் எழுதிவிடலாம். அக்காவுக்கு இப்போது முழங்கை மடங்க மாட்டேன் என்கிறது, கண்ணும் மங்குகிறது. 1972ஆம் வருசத்துப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருசம் ஒரே இடத்தில் தொடர்ந்து இருந்தவர்களுக்குத்தான் கொடுத்தது. அவள் எங்கேயும் ஐந்து வருசம் முடிக்கவில்லை. பதினொரு கம்பெனியில் நான்கில்தான் பி.எப். பிடித்தார்கள். அதில் இரண்டுக்கு அவளிடம் நம்பரே இல்லை. ஒரு கம்பெனி மூடி, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. போகிற சுதந்திரத்துக்கான விலையை அவள் ஒற்றை ஆளாகக் கட்டியிருக்கிறாள். முதலாளி மாறினாலும் தொழிலாளியோடு கூடவே வருகிற பணிக்காலம் என்று ஒன்றை நாம் இன்னும் சரியாகக் கேட்கவேயில்லை. சங்கங்களும் அழுத்திக் கேட்கவில்லை, தலித் இயக்கங்களும் கேட்கவில்லை, இப்படிக் கட்டுரை எழுதுகிற நானும் போன மாதம் வரை யோசித்ததில்லை.

அக்கா பழைய அடையாள அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் சேர்த்து வைத்திருக்கிறாள். ஏழு அட்டைகள். ஒன்றில் அவள் பெயர் தப்பு, ஒன்றில் அப்பா பெயர் தப்பு. “எம்.ஏ. படிச்சவன்தானே, இதப் பாத்துக் குடு” என்று என்னிடம் கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்றிருக்கிறாள். பி.எப். ஆபீசில் டோக்கன் பத்து மணிக்குத் தருவார்களாம்.